கண்களை மூடி ஒரு வகுப்பறை ஆய்வு

பார்வைத்திறன் குறையுடைய மாணவர்களுக்கான பள்ளியில் நான் கணித ஆசிரியராகப் பொறுப்பேற்ற முதல் மாதம். தலைமையாசிரியர் என் வகுப்பைப் பார்வையிட வந்தார். கடைசி பெஞ்சில் அமர்ந்தவர், பாடம் முடியும் வரை கண்களைத் திறக்கவே இல்லை.

பிறகு தனியாக அழைத்துச் சொன்னார்: “சார், இதையும் இதையும் கூட்டினால் இது வரும் என்றீர்கள். எதை என்று எனக்குத் தெரியவில்லை.” பொதுப்பள்ளியில் கரும்பலகையைக் காட்டிப் பேசிப் பழகிய வாய். மாணவர்களும் கேட்கவில்லை, கேட்டால் புது ஆசிரியர் வருந்துவார் என்று நினைத்தார்களாம்.

அவர் என் மீது குறிப்பு எழுதவில்லை. வாரம் ஒருநாள் மாலை ஆசிரியர்களுக்குப் பிரெய்ல் வகுப்பு தொடங்கினார். கற்பித்தவர்கள் எங்கள் மாணவர்கள். முதல் வரிசையில் அமர்ந்து கற்றவர் தலைமையாசிரியர்.

பிரெய்லில் 6 புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்கள் அமைகின்றன. எண்களுக்கெனத் தனி வடிவம் இல்லை. எண் குறியை முன்னால் இட்டால், ஆங்கிலத்தின் முதல் 10 எழுத்துகளே எண்களாகும். குறி விடுபட்டால் 2 என்பது ‘பி’ ஆகிவிடும். அது கணக்குப் பிழையன்று, எழுத்துப் பிழை. இந்த வேறுபாடு தெரியாமல் அதுவரை எத்தனை மதிப்பெண்களைக் குறைத்தேனோ!

பிரெய்லில் தகுதி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதற்கான முதல் அடியை, சுற்றறிக்கைக்குக் காத்திராமல், ஒரு தலைமையாசிரியர் எடுக்க முடியும்.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். பலகையில் எழுதும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சக ஆசிரியரைக் கண்மூடிக் கேட்கச் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.