பள்ளி மலையேற்றம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அரையாண்டு விடுமுறை முடிந்ததும் பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் மலைப்பயணம் என்றால் பெற்றோர் வேனையும் சாப்பாட்டையும் பற்றிக் கேட்பார்கள். நடக்கப்போகும் பாதையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்தப் பாதையைச் சுற்றித்தான் தவறான நம்பிக்கைகள் அதிகம்.

நம்பிக்கை: கூட்டமாகப் போனால் பயமில்லை.

கூட்டத்தில்தான் பிள்ளை தொலைகிறது. நாற்பது பேர் ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது, முன்னால் போகும் ஆசிரியருக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நடுவே இரண்டு வளைவுகள் வந்துவிடும். வேகமாக ஏறியவர்கள் மேலே உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். பின்தங்கியவர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்த உடனே "கிளம்பலாம்" என்று குரல் வரும். ஓய்வு யாருக்குத் தேவையோ அவர்களுக்கு அது கிடைப்பதே இல்லை. மெதுவாக நடக்கும் பிள்ளையை முன்வரிசைக்குக் கொண்டுவாருங்கள். முன்னால் ஓர் ஆசிரியர், அவரை யாரும் முந்தக்கூடாது. கடைசியில் ஓர் ஆசிரியர், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. பாதை பிரியும் இடமெல்லாம் பெயர் சொல்லி எண்ணுங்கள். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டால் "வந்தாச்சு சார்" என்றுதான் பதில் வரும், வராத பிள்ளை பதில் சொல்லாது.

நம்பிக்கை: தாகம் எடுத்தால் பிள்ளைகளே குடித்துக்கொள்வார்கள்.

பெண் பிள்ளைகள் பலர் வேண்டுமென்றே குடிப்பதில்லை. வழியில் கழிப்பறை இருக்காது, ஆண் ஆசிரியரிடம் கேட்கக் கூச்சம். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் பிள்ளை வாடிப்போவாள். எங்கே கழிப்பறை இருக்கிறது, எப்போது நிறுத்துவோம் என்பதைக் கிளம்பும் முன்பே ஓர் ஆசிரியை சொல்லிவிட்டால் அவர்கள் தயங்காமல் குடிப்பார்கள். வெயிலில் ஒரு பிள்ளையின் உடல் கொதித்து, பேச்சு குழறினால் 108-ஐ அழைப்பதோடு நிற்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக்கூடாது.

நம்பிக்கை: இங்கே மழையே இல்லை, அருவியில் என்ன ஆபத்து?

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. மழை மலைமேல் பெய்யும், வெள்ளம் கீழே வரும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பைகளை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

நம்பிக்கை: காட்டுத்தீ வந்தால் மேலே ஓடித் தப்பலாம்.

தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சுடர் சாய்ந்து மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைக்கிறது. பத்து டிகிரிச் சரிவே அதன் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணி மலையில் தீயில் சிக்கியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புல் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப்பாதையில் கால்வைக்கக் கூடாது.

நம்பிக்கை: பாம்பு கடித்தால் மேலே கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும்.

கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். அது எந்த மருத்துவமனை என்பது முந்தைய நாளே தெரிந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: பெற்றோர் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, போதும்.

அந்தத் தாளில் சம்மதம் மட்டுமே இருக்கிறது. யாருக்கு வீசிங், யாருக்கு வலிப்பு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் அதில் கேளுங்கள். இன்ஹேலர் வேனில் இருக்கும் பைக்குள் கிடந்தால் பயனில்லை. பிள்ளையிடமோ கூடவரும் ஆசிரியரிடமோ இருக்க வேண்டும். இன்னொன்றையும் அந்தத் தாளிலேயே அச்சிட வேண்டும்: திரும்பும் நேரம். உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் அந்த மணிக்குக் குழு இறங்கிவிடும். "காசு கட்டினோமே, மேலே போகாமலே கூட்டிவந்துவிட்டீர்களே" என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். கூடப் போன ஆசிரியரை அதற்காக நிற்கவைத்துக் கேள்வி கேட்கக்கூடாது.