தவழும் குழந்தையும் வீட்டு விபத்துக்களும்

மூன்று வயது நிறைவதற்குள் குழந்தைகளுக்கு நேரும் காயங்களில் பெரும்பாலானவை வீட்டிற்குள்ளேயே நேருகின்றன. அவற்றை விதியின் விளைவென்று கருதுவோர் இன்னும் பலர். ஆனால் குழந்தையின் உடலமைப்பையும் வளர்ச்சிப் படிகளையும் ஒருங்கே நோக்கினால், எந்த மாதத்தில் எந்த விபத்து நேரக்கூடும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே அறியலாம். பெற்றோருக்குக் கற்பிக்க வேண்டியது இதுவே. "கவனமாக இருங்கள்" என்று மட்டும் கூறுவது கற்பித்தல் ஆகாது. அடுப்பருகே நிற்கும் தாய்க்குக் கண்கள் இரண்டே.

ஏறக்குறைய 4-ஆம் மாதத்தில் குழந்தை புரளத் தொடங்குகிறது. நேற்றுவரை கிடத்திய இடத்திலேயே கிடந்த குழந்தை இன்று கட்டிலின் விளிம்பிலிருந்து விழுகிறது. 7 முதல் 10 மாதங்களுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தவழ்கின்றன. இதே காலத்தில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறு பொருள்களைப் பற்றி எடுத்து வாயிலிடவும் கற்கின்றன. நிலக்கடலையும் புளியங்கொட்டையும் மூச்சுக்குழலை அடைக்கக் கூடியவை. பொம்மைகளில் உள்ள பொத்தான் வடிவ மின்கலம் உணவுக்குழலில் சிக்கினால், 2 மணி நேரத்திற்குள்ளாகவே அதன் சுவரை அரித்துவிடக்கூடும். மருத்துவமனைக்கு விரைவதில் சிறிதும் தாமதம் கூடாது.

பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் தலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு; வளர்ந்தவரிடம் எட்டில் ஒரு பங்கேயாகும். நிற்கப் பழகும் குழந்தை வாளியின் விளிம்பைப் பற்றி எட்டிப் பார்க்கையில் இத்தலைச் சுமை அதனைக் கவிழ்த்துவிடுகிறது. தானே நிமிர அதனால் இயலாது. வாளியில் 5 சென்டிமீட்டர் நீரே மூழ்கப் போதுமானது. பெரும்பாலும் ஓசையும் எழுவதில்லை. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்கும் வழக்கத்திற்குச் செலவு ஒன்றுமில்லை.

தரையில் அமர்ந்து சமைக்கும் வீடுகளில், வடித்த கஞ்சியும் கொதிக்கும் பருப்பும் தவழும் குழந்தையின் கை மட்டத்திலேயே இருக்கின்றன. 60 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீர் ஒரு சில விநாடிகளில் ஆழ்ந்த புண்ணை உண்டாக்கும். குழந்தையின் தோல் மெல்லியதாதலால் இன்னும் விரைவில். சுட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் குளிர்விக்க வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, மை ஆகியவை கேடு விளைவிப்பன.

குளிர்பானப் புட்டியில் மண்ணெண்ணெயை ஊற்றி வைக்கும் பழக்கம் மிகக் கொடியது. அதைக் குடித்த குழந்தையை வாந்தியெடுக்கச் செய்தலோ அதனினும் கொடியது. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் சென்று அழற்சியை உண்டாக்கும். சமையல் எரிவாயு பரவியபின் மண்ணெண்ணெய் பல வீடுகளிலிருந்து மறைந்துவிட்டது. புட்டிகள் மறையவில்லை, இப்போது அவற்றில் பினாயிலும் கழிப்பறை அமிலமும் நிறைகின்றன.

இந்திய அரசு 2018-இல் தொடங்கிய இளங்குழந்தைகளுக்கான வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தின்படி, ஆஷா பணியாளர் 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில் வீடு தேடிச் செல்கிறார். வரவிருக்கும் படிக்குரிய ஆபத்தை முன்னதாகவே எடுத்துரைக்க இதனினும் தக்க வாய்ப்பில்லை. சொற்பொழிவு வேண்டா. தாயைத் தரையில் அமரச் செய்து, குழந்தையின் கண் மட்டத்திலிருந்து அறையைப் பார்க்கச் சொன்னால் போதும். தொங்கும் மின்கம்பியும், பாயின் கீழுள்ள அரிவாள்மணையும், மூலையில் நிற்கும் புட்டியும் தாமே தென்படும். அலமாரி இல்லாத வீட்டில் சுவரில் உயரமாக அடித்த ஓர் ஆணியும் ஒரு பையும் அதன் வேலையைச் செய்யும். தாய் வேலைக்குச் செல்லும் வீடுகளில் குழந்தையைப் பார்ப்பவர் பாட்டியோ ஏழெட்டு வயது அக்காளோ ஆவர். அவர்களும் உடனிருக்கும் வேளையில் இதனைச் செய்து காட்டுவது நலம்.