துரத்தி வரும் அன்பு

பக்திப் பாடல்கள் பலவற்றில் மனிதன் இறைவனைத் தேடி அலைகிறான். ஆங்கிலக் கவிஞர் பிரான்சிஸ் தாம்சன் (1859–1907) இந்நிலையை மாற்றிப் பாடினார். 'விண்ணக வேட்டைநாய்' எனப் பொருள்படும் தலைப்புடன் 1890இல் இதழொன்றில் வெளிவந்த அவரது கவிதையில் மனிதன் ஓடுகிறான், இறைவன் பின்தொடர்கிறார். வேட்டைநாய் என்னும் சொல் தலைப்பில் மட்டுமே உண்டு. கவிதைக்குள் ஒலிப்பவை காலடியோசையும் குரலுமே.

ஓடுபவன் குழந்தைகளிடத்தும் இயற்கையினிடத்தும் புகலிடம் தேடுகிறான்; எங்கும் நிறைவு காணவில்லை. அச்சுறுத்திய துரத்தலே அரவணைப்பு என்பதை இறுதியில் உணர்கிறான்.

தாம்சன் மருத்துவக் கல்வியில் தேறாதவர். அபினிக்கு அடிமையாகி, இலண்டன் தெருக்களில் வீடின்றி உழன்றவர். தகுதி பாராமல் தேடிவரும் அன்பை அவர் பாடியதனாலேயே, தம்மைத் தகுதியற்றவராகக் கருதுவோர் நெஞ்சில் இக்கவிதை இன்றும் நிலைக்கிறது.