கோடையில் வீட்டு மருந்துகளைப் பாதுகாத்தல்

விதை நெல்லின் ஈரத்தை 13 சதத்துக்குள் இறக்கி, தரையிலும் சுவரிலும் படாமல் கட்டை அடுக்கி மூட்டை வைப்பது உழவர்களுக்குக் கைவந்த பழக்கம். அதே வீட்டில் மருந்து மாத்திரைகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு முறை பாருங்கள். அடுப்பங்கரை அலமாரி, சன்னல் விளிம்பு, தொலைக்காட்சிப் பெட்டியின் மேல், தகரக் கொட்டகையின் எரவாணம், மோட்டார் சைக்கிள் பெட்டி ஆகிய இடங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கும்.

விதையைக் கெடுப்பவை வெப்பமும் ஈரமும். மருந்தைக் கெடுப்பவையும் அவையே. கூடவே வெளிச்சமும் சேரும். ஆனால், விதை கெட்டிருந்தால் முளைப்புச் சோதனையில் தெரிந்துவிடும். மருந்து வீரியம் இழந்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பொதுவாக வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். உறையில் அச்சிட்ட காலாவதித் தேதி, அதே உறையில் குறித்த வெப்பநிலையில் வைத்திருந்தால்தான் செல்லுபடியாகும். ஆகவே தேதியைப் பார்க்கும்போது அந்த வெப்பநிலையையும் படியுங்கள். பல மாத்திரைகளில் 25 அல்லது 30 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்கவும் என்று இருக்கும். சிலவற்றில் 2 முதல் 8 பாகை என்றிருக்கும். அவற்றுக்குக் குளிர்சாதனப் பெட்டி தேவை.

எங்கே வைப்பது?

கத்திரி வெயில் நாட்களில் வேலூர், திருத்தணி, கரூர்ப் பகுதிகளில் நிழலிலேயே 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். தகரம் அல்லது கல்நார்க் கூரையின் அடியில் உள்ள பரணில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைகளில் கிடைக்கும் சாதாரணச் சுவர் வெப்பமானி ஒன்றை வாங்கி, வீட்டின் இரண்டு மூன்று இடங்களில் பிற்பகல் 3 மணிக்கு வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவரை விட்டு, தரைக்கு அருகில், காற்றோட்டமுள்ள நடு அறையே பெரும்பாலும் குளிர்ந்த இடமாக இருக்கும். ஆனால் குழந்தைகளின் கைக்கு எட்டக்கூடாது. எனவே பூட்டுள்ள சிறு பெட்டி ஒன்றில் வைப்பது நல்லது. மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் கொட்டாதீர்கள். ஈரத்தையும் வெளிச்சத்தையும் தடுப்பதற்காகவே அந்த உறை உள்ளது.

இன்சுலின்

கோடையில் மிகுந்த கவனம் தேவைப்படுவது இன்சுலினுக்குத்தான். திறக்காத குப்பிகளைக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைக்க வேண்டும். உறைநிலைப் பெட்டியிலும், அதற்கு நேர் கீழே உள்ள தட்டிலும் வைக்கக் கூடாது. ஒரு முறை உறைந்த இன்சுலின், இளகிய பிறகும் பயன்படாது. நகரத்திலிருந்து கொண்டு வரும்போது பனிக்கட்டியின் மேல் நேராக வைத்துக் கட்டுவதும் இதனால் தவறே. திறந்த குப்பியை, வகைக்கு ஏற்ப 25 அல்லது 30 பாகைக்குள் வெளியில் வைத்திருந்து பெரும்பாலும் 4 வாரம் பயன்படுத்தலாம். திறந்த தேதியைக் குப்பியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், நீண்ட மின்வெட்டிலும், மண்பானை கைகொடுக்கும். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனையுங்கள். மருந்தை நீர் புகாத டப்பாவில் இட்டு உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் மூடுங்கள். நிழலும் காற்றும் உள்ள இடமாக இருக்க வேண்டும். ஈரம் ஆவியாகும்போது பானை குளிர்கிறது. வறண்ட உள்மாவட்டங்களில் இது நன்றாகப் பயன்படும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரைப் பகுதியில் அவ்வளவு குளிராது. எங்கிருந்தாலும் வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்து நம்புவதே முறை. இம்முறையில் 2 முதல் 8 பாகை கிடைக்காது. ஆகவே இரண்டு மூன்று மாத இன்சுலினைச் சேர்த்து வாங்கி வைக்காதீர்கள்.

தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ, கலவை வகையில் உருட்டிய பின்னும் கட்டிகள் தெரிந்தாலோ பயன்படுத்தாதீர்கள். உணவில் மாற்றமின்றிச் சர்க்கரை ஏறினால், அளவை நீங்களாகக் கூட்ட வேண்டாம். குப்பி எங்கே, எப்படி இருந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிற மருந்துகள்

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை எளிதில் ஆவியாகி வீரியம் இழக்கும். அதன் கண்ணாடிக் குப்பியிலேயே, இறுக மூடி வையுங்கள். உடல் சூடு படும் சட்டைப் பையில் வேண்டாம். வயலுக்குப் போகும்போது சோற்றுப் பையோடு நிழலில் இருக்கட்டும். வெயிலுக்குப் பயந்து வீட்டில் விட்டுச் செல்வது அதைவிட ஆபத்து.

ஆஸ்பிரினில் புளித்த காடி வாடை வந்தால் அது சிதைந்துவிட்டது. ஒட்டிக்கொண்ட கேப்சூல், திரிந்த களிம்பு, கட்டிபட்டு நிறம் மாறிய உப்பு-சர்க்கரைப் பொட்டலம் ஆகியவற்றைத் தள்ளிவிடுங்கள். கரைத்த உப்பு-சர்க்கரைக் கரைசல் 24 மணி நேரத்துக்கு மேல் உதவாது. குழந்தைகளுக்கு நீரில் கலக்கித் தரும் அமாக்சிசிலின் போன்ற மருந்தில் மிச்சமானதை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கலக்கியபின் அதன் ஆயுள் ஏறத்தாழ ஒரு வாரமே. கண் சொட்டு மருந்து திறந்தபின் பெரும்பாலும் ஒரு மாதம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் அழுத்தக் குப்பி 50 பாகைக்கு மேல் சூடேறினால் வெடிக்கக்கூடும்; அதை வண்டியில் விட்டுச் செல்லாதீர்கள்.

கால்நடை மருந்துகளுக்குத் தனிப் பெட்டி வேண்டும். பூச்சிக்கொல்லியோ வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. அதை அளக்க இருமல் மருந்தின் மூடியை எடுப்பதும், மிச்சத்தைக் காலி மருந்துக் குப்பியில் ஊற்றி வைப்பதும் அறவே கூடாது. இரவில் விளக்கில்லாமல் தடவி எடுப்பவருக்கு இரண்டு குப்பியும் ஒன்றுதான்.