பழைய காரும் பழுதுச் செலவும்

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய காரை வாங்க விரும்புகிறவர்கள் விலையைக் குறைப்பதற்காக விற்பவரோடு எத்தனை நேரம் வேண்டுமானாலும் வாதாடுகிறார்கள். ஆனால், அந்த வண்டி வீட்டுக்கு வந்த முதல் வருஷத்தில் ஒர்க்‌ஷாப்பில் எவ்வளவு பணம் கேட்கும் என்பதை முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. உறவினருக்காகவும் நண்பர்களுக்காகவும் சென்னையில் பழைய கார்களைப் பரீக்ஷித்துப் பார்க்கும் பொறுப்பு நெடுங்காலமாக என்மீது விழுந்து வந்திருப்பதால், இவ்விஷயத்தில் எனக்குத் திடமான அபிப்பிராயம் ஒன்று உண்டு. பெரிய செலவு வைக்கும் பழுதைக் காட்டிலும், எவ்வளவு செலவாகும் என்று யாராலும் சொல்ல முடியாத பழுதுக்கே நாம் அதிகமாக அஞ்ச வேண்டும்.

எஞ்சினைப் பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு, அது நியாயமானதே. வண்டியைக் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே போய்ப் பார்ப்பது உத்தமம். பானட்டின்மீது கை வைத்தால் சூடு தெரிகிறதென்றால், நாம் வருவதற்குள் யாரோ எஞ்சினை ஓட்டிப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். சைலன்சரில் நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை அடங்காவிட்டால் கூலண்ட் உள்ளே கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியின் உட்புறத்தில் மோர்போல வெளுத்துப் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்காமல் பேச்சைத் தொடரலாகாது. சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடும்போது எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது.

இவையெல்லாம் விலை உள்ள குறைகள். கிளட்ச், ஷாக் அப்சார்பர், டைமிங் பெல்ட், பேட்டரி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஸ்பேர் விலை இன்னது, கூலி இன்னது என்று எந்த மெக்கானிக்கும் அன்றைக்கே எழுதித் தருவார். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. அவ்வளவு பழைய டயரானால், பட்டன் தேயாமல் இருந்தாலும் நான்கு டயர்களின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்தத் தொகையைக் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேசுவதில் கூச்சத்துக்கு இடமில்லை.

தண்ணீரில் நின்ற வண்டியின் சங்கதி வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கங்களில் எத்தனையோ கார்கள் மூழ்கிக் கிடந்ததை நாம் பார்த்தோம். என் அக்காள் மகனுக்காகப் பார்க்கப் போன காரொன்று பெயிண்ட் பளபளக்க, ஏ.சி. குளிர, எஞ்சின் அலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எங்களோடு வந்த மெக்கானிக் முன்சீட்டின் பெல்ட்டைக் கடைசி வரை உருவினார். வழக்கமாக வெளியே வராத அந்த நுனியில் சேறு கோடு போட்டிருந்தது. சீட்டின் அடியிலிருந்த போல்ட்டுகள் செக்கச் சிவக்கத் துருவேறியிருந்தன. “எஞ்சின் நல்லாத்தானே இருக்கு மாமா, விலையும் குறைச்சலா வருது” என்று பையன் தயங்கினான். “எஞ்சின் போனா செலவு இவ்வளவுன்னு சொல்லிடுவேன் தம்பி. தண்ணி போன வயரிங் எங்க கொண்டுபோய் விடும்னு எனக்கே தெரியாது” என்றார் மெக்கானிக். இன்று ஒரு சென்சார், அடுத்த மாதம் பவர் விண்டோ, பிறகு கம்ப்யூட்டர் என்று கனெக்டருக்குள் பூக்கும் துரு மாதக்கணக்கில் வேலை வைக்கும் என்று அவர் விளக்கிய பிறகு அந்தக் காரை விட்டுவிட்டு வந்தோம். சேஸிஸில் ஓட்டை விழுந்து வெல்டிங் செய்த வண்டியையும் நான் இதே வகையில்தான் சேர்ப்பேன்.

ஸ்பேர் கிடைக்குமா என்பது இன்னொரு கவலை. ஃபியட் புன்டோவிலும் மாருதி ஸ்விஃப்டிலும் இருந்தது ஒரே 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் வகைதான். ஆகையால் புன்டோவின் எஞ்சின் சாமானுக்கு அவ்வளவாகத் திண்டாட்டமில்லை. ஹெட்லைட்டோ கதவுக் கண்ணாடியோ உடைந்தால்தான், ஃபியட் கார்களின் விற்பனை இங்கே நின்றுபோன பிறகு, ஜி.பி. ரோடு கடைகளில் தேடி, புதுப்பேட்டையில் பழைய சாமானுக்கு அலைய நேரிடுகிறது. அட்வான்ஸ் கொடுக்குமுன் ஹெட்லைட், பம்பர் ஆகியவற்றின் விலையைக் கடையில் விசாரித்துக்கொள்வது பெரிதும் அனுகூலம்.

ஆர்.சி. புத்தகத்தின் தேதியையும் பார்க்க வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கும்போது, எஃப்.சி.க்காக டிங்கரிங், பெயிண்ட் வேலைகளும், பசுமை வரியும் வந்து சேரும்.

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், விலை எவ்வளவு மலிவாயினும் அந்தக் காரை வாங்காதீர்கள்.