வழக்கா, மன்னிப்பா?

கேள்வி: அப்பா விட்டுப்போன தறி வீட்டில் அண்ணன் எனக்குப் பங்கு தர மறுக்கிறார். கேஸ் போடலாமா, மன்னித்து விட்டுவிடுவதா?
– ஒரு வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: சகோதரர்கள் கோர்ட் படி ஏறுவதைவிட நஷ்டப்படுவதே மேல் என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதினார். அதற்காக உரிமையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றில்லை. 1999-இல் ஒடிசாவில் மிஷனரியான தன் கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் இரு மகன்களையும் எரித்துக் கொன்றவர்களை கிளாடிஸ் மன்னித்தார். சட்டமும் தன் கடமையைச் செய்தது.

முதலில் அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள். மசியவில்லையா, இருவரும் மதிக்கும் பெரியவரைக் கூட்டிப் போங்கள், பிறகு சபை. மத்தேயு 18 காட்டும் வழி இது. அதுவும் பலிக்காவிட்டால் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. கட்டணமில்லை, அங்கே முடிந்த சமரசத்துக்கு மேல்முறையீடும் இல்லை. எதை விட்டுக்கொடுத்தாலும் மனமறிந்து கொடுங்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாவு பிணைக்கும்போதெல்லாம் அண்ணனைக் கறுவிக்கொண்டிருந்தால் அது மன்னிப்பாகாது.