வெயிலில் கால் துவண்டால்: எம்.எஸ். உள்ளவர்களுக்குச் சில குறிப்புகள்

பங்குனி பிறந்தால் கோபிநத்தத்தைச் சுற்றியுள்ள காடு இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். மரம் இருக்கும், நிழல் இருக்காது. பழைய மைசூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், காவிரியை ஒட்டித் தமிழ் பேசுகிறவர்கள் வாழும் ஊர் இது. வெயில் ஊருக்கே பொதுதான். ஆனால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., உள்ளவருக்கு அதே வெயிலில் பார்வை மங்கும், கால் இழுக்கும், வாய் குழறும். காடு, கழனி, கோயில், சந்தை என்று வெளியே போகாமல் கிராமத்தில் காலம் தள்ள முடியாது. அதனால் வீட்டில் இருக்கும் பொருள்களை வைத்தே சமாளிக்கும் வழிகள் இங்கே.

1. முதலில் பயத்தைத் தெளிவித்துக்கொள்ளுங்கள். எம்.எஸ். நோயில் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை ஆங்காங்கே அரித்துப்போகிறது, மேலுறை உரிந்த மின்கம்பி மாதிரி. உடம்புச் சூடு அரை டிகிரி கூடினாலே அந்த இடங்களில் சமிக்ஞை தடுமாறும். ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்ஹாஃப் 1890-இல் இதைப் பதிவு செய்தார். உடற்பயிற்சி செய்தபின் நோயாளிகளின் பார்வை மங்குவதைக் கண்டவர் அவர். எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன், சந்தேகப்பட்ட நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துச் சோதிக்கும் வழக்கம்கூட இருந்தது. நமக்குத் தேவையான செய்தி இதுதான்: இந்தத் தளர்ச்சியால் நரம்புக்குப் புதிய சேதம் எதுவும் ஏற்படுவதில்லை. உடம்பு குளிர்ந்தால் பழைய நிலை திரும்பிவிடும்.

2. எது வெயில், எது நோய் என்று பிரித்துப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. நிழலில் உட்கார்ந்து உடம்பு ஆறியதும் தெளிந்தால் அது வெயிலின் வேலை. புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு பக்கக் கையும் காலும் திடீரென விழுவது போன்றவை இதுவரை வராமல் புதிதாக வந்தால், வெயில்மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. சூடு ஏறியபின் ஆற்றுவதைவிட, கிளம்பும் முன்பே உடம்பைக் குளிரவைப்பது மேல். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் குளித்துவிடுங்கள். முதல் சொம்பு வெதுவெதுப்பாக இருக்கட்டும், போகப் போகத் தண்ணீரை ஆறவிடுங்கள். எடுத்த எடுப்பிலேயே சில்லென்ற நீரை ஊற்றினால் சிலருக்குத் தசை விறைத்துக்கொள்ளும். குளிக்க வசதி இல்லையா? ஒரு வாளி தண்ணீரில் முழங்கால்வரை காலையும், இன்னொரு பாத்திரத்தில் மணிக்கட்டுவரை கையையும் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். கூடவே பானைத் தண்ணீர் ஒரு சொம்பு. ஆடு ஓட்டிப் போவதானாலும் பஸ்ஸுக்கு நிற்பதானாலும் இந்தக் குளிர்ச்சி சற்று நேரம் தாக்குப்பிடிக்கும்.

4. ஈரத்துண்டுதான் நம் ஊர்க் குளிர்ச்சட்டை. பருத்தித் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்திலும் தோளிலும் போட்டுக்கொள்ளுங்கள், காய்ந்தால் மறுபடி நனையுங்கள். கோபிநத்தம் போன்ற வறண்ட காற்றுள்ள இடத்தில் ஈரம் சீக்கிரம் ஆவியாகும், அந்த ஆவியோடு சூடும் போகும். சென்னைப் புழுக்கத்தில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும், அங்கே விசிறிக்காற்றும் சேரவேண்டும். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்காதீர்கள். உணர்ச்சி மரத்த இடமாக இருந்தால் தோல் வெந்ததுபோல் புண்ணாகும் வரை தெரியாது. துணியில் சுற்றி, அவ்வப்போது இடம் மாற்றி வையுங்கள்.

5. அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். எம்.எஸ். உள்ளவர்களில், அதிலும் பெண்களில், பலர் இதைத்தான் செய்கிறார்கள். வெளியில் ஒதுங்க இடமில்லை என்ற கவலை நியாயமானது. ஆனால் தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், தொற்றால் காய்ச்சல் வரும், காய்ச்சலும் நரம்புக்கு வெயில்தான். எங்கே ஒதுங்கலாம் என்று முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொண்டு, ஒரேயடியாகக் குடிக்காமல் வழியெல்லாம் மடக்கு மடக்காகக் குடியுங்கள். நீர்மோர், இளநீர், கரைத்த ராகிக் கூழ் எல்லாம் நல்லதே. சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பையும் இளநீரையும் பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரை அடக்கத் தரும் சில மாத்திரைகள் வியர்வையையும் குறைக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் கூடுதல் கவனம் தேவை. மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

6. வெளிவேலை எல்லாம் விடிகாலையில். சாயங்காலம் நல்லதுபோலத் தோன்றும், ஆனால் பகலெல்லாம் காய்ந்த பாறை பொழுது சாய்ந்தும் அனல் கக்கும். காலையில் வடக்கே போகும் பஸ்ஸில் இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் வலப்பக்கத்தோடு போகும்.

7. உகாதிக்கு மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். வேண்டுதல் உங்கள் விருப்பம். ஆனால் பாதம் மரத்தவருக்குக் கொதிக்கும் கல்தளமும் தார்ச்சாலையும் சுடுவதே தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். கோயில் வாசல்வரை செருப்போடு போங்கள், உள்ளே கனத்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அம்மன் கோயில் தீமிதியும் வேண்டவே வேண்டாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

8. வெயிலில் பார்வை மங்குகிறவர் அந்த நேரத்தில் பைக்கைத் தொடக் கூடாது. ஒகேனக்கல் பக்கம் பரிசல் ஏறுவதற்கும் இதுதான் விதி. கால் துவண்டபின் தண்ணீரில் எழ முடியாது.

9. இன்டர்ஃபெரான் போன்ற ஊசி மருந்துகளைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். மண்பானை குளிர்ச்சி இதற்குப் போதாது. தெர்மோஸ் பெட்டியில் ஐஸ் பொட்டலத்தோடு வையுங்கள். ஆனால் மருந்து நேராக ஐஸைத் தொடாதபடி நடுவே துணி வேண்டும், உறைந்துபோன மருந்து பயன்படாது. கரண்ட் போகும் ஊரில், ஃபிரிட்ஜ் இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று மருந்து வாங்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

10. வெயிலுக்குப் பயந்து கட்டிலிலேயே கிடக்க வேண்டியதில்லை. ஜிம்மி ஹியூகா என்ற அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் 1964 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். 1970-இல் எம்.எஸ். என்று தெரிந்ததும் உடம்பை அலட்டக் கூடாது என்றார்கள். அவரோ மெல்ல மெல்லப் பயிற்சி செய்து உடம்பைத் தேற்றிக்கொண்டார், மற்ற நோயாளிகளையும் பழக்க ஒரு மையமே தொடங்கினார். விடியலில், நிழலில், இடையிடையே நின்று நடங்கள்.

11. வீட்டாருக்கு: காலையில் களை வெட்டியவர் மதியம் எழ முடியாமல் படுத்திருந்தால் அது சோம்பலோ நடிப்போ அல்ல. அடுப்படிச் சூட்டிலும் இது வரும். மருமகளுக்கு எம்.எஸ். இருந்தால் கோடையில் விறகடுப்பு வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 குறைபாடுகளில் எம்.எஸ். ஒன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடத்தில் காட்டிய சீட்டுகளைப் பத்திரப்படுத்தினால், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது உதவும்.

12. வெயில் தாக்கு வேறு. உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, பேச்சு உளறுகிறது, நினைவு தப்புகிறது என்றால் எம்.எஸ். தளர்ச்சி என்று சும்மா இருக்காதீர்கள். நிழலுக்குத் தூக்கிப்போய்த் துணியைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்குக் கூப்பிடும்போது ஊர்ப்பெயரோடு எந்த மாநிலம் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். எல்லையோர ஊர்களில் அது முக்கியம்.